மின்னும் கட்டி

மூன்று பேரை வெட்டிச் சாய்த்த ராஜகணேஷ், சிதம்பரம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் திரையைப் பார்த்து நடுங்கினான்.

புற்றுக்கட்டியில் ஒட்டி மின்னும் நானோ துகள்களைக் குறிவைத்துத்தான் ஆறு வாரமாகக் கதிர் பாய்ச்சினார்கள். இன்று மறுபடி துகள்களை ஏற்றிப் பார்த்தும் ஒரு புள்ளிகூட மின்னவில்லை.

“கட்டி போயிடுச்சுய்யா!” என்றார் டாக்டர்.

கூட்டாளிகள் கைகழுவிய பிறகு, கடலூரிலிருந்து தினமும் காரில் அழைத்து வந்தவன் ஆஸ்பத்திரியில் பழக்கமான சித்தார்த் மட்டும்தான்.

திரும்பும் வழியில், சவுக்குத் தோப்புக்குள் காரை நிறுத்தினான் சித்தார்த்.

“உசுரு குடுத்தவன் நீதான் மச்சான்!” அழுதான் ராஜகணேஷ்.

சித்தார்த் சீட்டுக்கடியிலிருந்து அரிவாளை உருவினான்.

“மங்கலம்பேட்டையில நீ வெட்டுனது எங்கண்ணன்டா. ஒன்ன நோவு கொண்டுபோனா, நான் எதுக்கு?”