மீன்கறி இல்லாத பந்தி

“இந்தச் சாம்பாருக்கா பெட்ரோலை எரிச்சுக்கிட்டு நாகர்கோவில்ல இருந்து வந்தோம்?”

தாணுமாலயன் விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“மெதுவாப் பேசுங்க. பக்கத்துல ஆளுங்க இருக்காங்க,” என்றாள் அவர் மனைவி ஸ்ரீகுமாரி.

“இருக்கட்டுமே. வாயில வைக்க வழியில்லாததை எல்லாம் இப்படித் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் தின்னா, கடைக்காரனுக்கு எங்க இருந்து பயம் வரும்?”

கடைக்காரர்களைப் பயமுறுத்துவதில் தாணுமாலயனுக்குத் தனி ருசி உண்டு. ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுவார்; முகநூலில் விமர்சனம் எழுதுவார். பாராட்டி எழுதினால் நாலு பேர் படிப்பார்கள், கிழித்து எழுதினால் ஊரே படிக்கும் என்பது அவர் கண்ட அனுபவம்.

திருப்புறத்தில் விஜயம்மா என்று ஒருத்தி வீட்டிலேயே சோறு போடுகிறாள், அவள் வைக்கும் அயிலை மீன்கறிக்காக நெய்யாற்றின்கரை வக்கீல்கள்கூடக் காரில் வருகிறார்கள் என்று பாறசாலைக்காரர் ஒருவர் எப்போதோ சொல்லியிருந்தார். “போர்டு ஒண்ணும் கிடையாது. வீட்டு முன்ன கூட்டம் நிக்கும். அதாக்கும் அடையாளம்.”

கூட்டம் நின்றது. ரோட்டோரம் நெடுக வண்டிகள். பக்கவாட்டு முற்றத்தில் தார்ப்பாயைக் கட்டி, நீள மேசைகளில் இலை விரித்திருந்தார்கள். காரை விட்டு இறங்கியதுமே விஜயம்மாவின் மகன் ஜிஜின் எதிரே வந்துவிட்டான். கண் இரண்டும் சிவந்திருந்தன. அடுப்புப் புகை என்று தாணுமாலயன் நினைத்துக்கொண்டார்.

“சாரு எங்கேருந்து வாறிய? அம்மையை அறியுமா?”

“அறியாம இருக்குமா? அவங்களுக்காகத்தானே நாகர்கோவில்ல இருந்து வந்திருக்கோம்!”

ஜிஜின் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “அவ்வளவு தூரத்திலேருந்தா? வாங்க சாரே, முதல்ல ஊணு உண்ணுங்க.” காத்து நின்றவர்களைத் தாண்டி அழைத்துப் போய் இருவரையும் இருத்தினான்.

“பார்த்தியா வியாபாரத் தந்திரத்தை?” என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தார் தாணுமாலயன்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. பரிமாறியவர்களுக்குப் பரிமாறத் தெரியவில்லை. ஒருவன் பருப்பை ஊற்றிவிட்டுப் போன பிறகுதான் இன்னொருவன் சோற்றைக் கொண்டுவந்தான். அவியல் தண்ணீராய் ஓடியது. பப்படம் நமத்துக் கிடந்தது. சிரித்த முகமாக ஒருவர்கூட “இன்னும் வேணுமா?” என்று கேட்கவில்லை.

“மீன்கறி எங்கப்பா?”

“இன்னைக்கு மீனு இல்ல சாரே,” என்றான் பருப்பு ஊற்றியவன், வாளியைப் பார்த்துக்கொண்டே.

“மீனுக்குப் பேர்போன இடத்துல மீன் இல்லை! கல்யாண வீட்டுல பொண்ணு இல்லைங்கிற மாதிரி இருக்கு.”

எதிர்வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பார்வை தாணுமாலயனுக்கு இன்னும் உற்சாகம் தந்தது. குரலை உயர்த்தினார்.

“விஜயம்மா கைப்பக்குவம், விஜயம்மா கைப்பக்குவம்னு ஊரெல்லாம் பேச்சு. இதுதானா அந்தப் பக்குவம்? அவங்களைக் கொஞ்சம் வரச்சொல்லுங்க. நேருக்கு நேரா ரெண்டு வார்த்தை கேக்கணும்.”

பந்தி முழுவதும் கை நின்றுபோயிற்று. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழப்பார்த்தார். ஜிஜின் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, பாயச வாளியோடு தாணுமாலயனிடம் வந்தான்.

“இது அம்மை வச்சதில்ல சாரே. காட்டாக்கடையிலேருந்து ஆளு வந்து வச்சதாக்கும்.”

“அப்படிச் சொல்லு! நாலு காசும் பேரும் சேர்ந்ததும் கூலிக்கு ஆள் பிடிச்சாச்சு. மகராசி உள்ள காலை நீட்டிப் படுத்திருக்காங்களாக்கும்?”

ஜிஜின் பாயசத்தை இலையில் ஊற்றினான். கொஞ்சம் மேசையிலும் சிந்தியது.

“ஊத்தக்கூடத் தெரியல,” என்றார் தாணுமாலயன்.

ஸ்ரீகுமாரி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். “போதும், எழுந்திரிங்க,” என்றாள். அவர் கேட்கவில்லை. பாயசத்தையும் ஒரு சொட்டு விடாமல் வழித்துத் தின்று, “சர்க்கரை தூக்கல்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். கை கழுவி வந்து, வேலியோரம் நின்றபடியே போனில் எழுதத் தொடங்கினார். ‘வீட்டுச் சாப்பாடு என்ற பெயரில் ஊரை ஏமாற்றும் திருப்புறம் விஜயம்மா. அந்தப் பக்கமே போகாதீர்கள்.’ இலையின் படத்தையும் சேர்த்துப் போட்டு முடித்தபோது, நல்ல காரியம் செய்த நிறைவு முகத்தில் தெரிந்தது.

பணத்தை எடுத்து நீட்டினார். ஜிஜின் இரண்டு கையாலும் விலக்கினான்.

“காசு வேண்டாம் சாரே.”

“ஓ, விமர்சனம் எழுதுற ஆளுன்னு தெரிஞ்சுபோச்சா? ஓசிச் சோத்தைப் போட்டு என் வாயை அடைக்கலாம்னு பாக்காதே. எழுதியாச்சு!”

“எழுதுங்க சாரே, எனக்கு அதுல வருத்தம் இல்ல.” ஜிஜினின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. “அம்மை கிடப்பிலானப்பவே கடையைப் பூட்டியாச்சு. இன்னைக்கு அம்மைக்க பதினாறாம் நாள் அடியந்திரமாக்கும். அம்மை செத்தது அறிஞ்சு வந்திருக்கியன்னு நெனச்சுத்தான் சாரைக் கையப்பிடிச்சு இருத்தினேன். இல்லண்ணு பெறவு மனசிலாச்சு. ஆனா, இலையில இருந்த ஆளைப் பாதிச் சோத்துல எழுப்பிவிட்டா எனக்க அம்மைக்குப் பிடிக்காது.”