மாதிரிக்கு ஒரு படம்

ஃப்ரேம் கடை இருளாண்டி முதன்முதலாகக் கடைக்கு விளம்பர வீடியோ எடுத்தார். செத்தவர் படத்தைக் காட்டினால் வீட்டார் சண்டைக்கு வருவார்களே என்று, தன் போட்டோவையே ஃப்ரேம் போட்டு, பொட்டு வைத்து, சந்தன மாலை சாத்தி, சீரியல் பல்பையும் எரியவிட்டார். பேச வெட்கமாக இருந்ததால், படத்தை மட்டும் செல்போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்.

மறுநாள் மதியம், பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் ரோஜா மாலையோடு கடை வாசலில் வந்து நின்றார். அழுது அழுது முகமே வீங்கியிருந்தது.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் ஆகலண்ணே! அது விளம்பரம்!" என்று இருளாண்டி பதறி எழுந்தார்.

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த மாலையைப் படத்துக்கே போட்டார். கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு, வந்த வழியே பஸ் ஏறப் போய்விட்டார்.