எழுபத்தாறு சென்டிமீட்டர்

"அறுபத்து நாலா? ஹரிணிங்கறது யாரு?"

சேலத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஏசுராஜ் விடைத்தாளை உயர்த்திக் காட்டினார். ஏற்காட்டுப் பள்ளியின் ஆய்வகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளியூர் எஸ்டேட் தொழிலாளியின் மகள் ஹரிணி எழுந்து நின்றாள்.

இயற்பியல் டீச்சர் தேவகுமாரி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் அறக்கட்டளை நடத்தும் தேர்வு இது. முதலில் வருகிற ஒருவருக்குக் கல்லூரிப் படிப்பு முழுக்க இலவசம். ஹரிணிக்கு இதை விட்டால் எஸ்டேட் வேலைதான்.

கேள்வி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கண்ணாடி உருளைக்குள் காற்று, அதன்மேல் வழுக்கி நகரும் பிஸ்டன். வெந்நீரில் வைத்தால் உள்காற்று விரிந்து பிஸ்டனை மெல்ல மேலே தள்ளும். அந்த விசை எவ்வளவு? வெளிக்காற்று பிஸ்டனை அமுக்கும் விசையோடு பிஸ்டனின் எடையைக் கூட்டினால் விடை.

"வெளிக்காத்து அழுத்தம் எழுபத்தாறு சென்டிமீட்டர் பாதரசம். எட்டாங்கிளாஸ் புள்ள சொல்லும். நீ எங்க புடிச்ச இந்த அறுபத்து நால?"

"சுவத்துல இருக்கற பாரோமீட்டரப் பாத்துத்தானுங்க சார் எழுதினேன்."

"புக்குல என்ன போட்டிருக்குது?"

"எழுபத்தாறுங்க."

"அப்புறம்? புக்கு பெருசா, சுவரு பெருசா?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஏசுராஜ் திரும்பினார்.

"ஏனுங்க டீச்சர், இதான் நீங்க சொல்லிக்குடுத்த லட்சணமா?"

'கண்ணால் பார்த்த அளவை எழுது' என்று வருஷம் பூராவும் தொண்டை கிழியக் கத்தியவள் தேவகுமாரிதான். ஹரிணி எழுதியது சரி என்றும் அவளுக்குத் தெரியும். சொன்னால் இத்தனை பேர் முன்னால் ஏசுராஜின் முகம் தொங்கிப்போகும். தற்காலிக டீச்சர் எதற்கு வம்பை விலைக்கு வாங்க வேண்டும்?

"அந்த பாரோமீட்டர் ரிப்பேருங்க சார்" என்றாள்.

ஹரிணி அவளையே பார்த்தாள். தேவகுமாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது.

அந்தக் கணக்குக்கு முட்டை. எழுபத்தாறு எழுதிய மோனிஷாவுக்கு முதலிடம். இரண்டே மார்க்கில் ஹரிணிக்குக் கைநழுவிப் போனது.

ஏசுராஜைக் கார் வரை வழியனுப்பப் போனாள் தேவகுமாரி. பள்ளி கேட் அருகே பஸ்ஸுக்காக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஹரிணியைப் பார்த்ததும் ஏசுராஜுக்கு மனசு இளகிவிட்டது. பையைத் துழாவி ஒரு சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். அது வெடித்துவிடுகிற மாதிரி உப்பியிருந்தது. ஹரிணி வாங்கத் தயங்கினாள்.

"கெட்டுப்போச்சோன்னு பயப்படாத கண்ணு. சேலத்துல வாங்கறப்ப சப்பையாத்தான் இருந்துச்சு. மலை மேல காத்தழுத்தம் கம்மியில்ல, அதான் உள்ள இருக்கற காத்து விரிஞ்சு இப்பிடி உப்பிக்குது. இதையெல்லாம் கண்ணத் தொறந்து பாக்கோணும் சாமி. அப்பத்தான் அடுத்த தடவையாச்சும் சரியா எழுதுவ!"