வாசல் நிலைக்கு மேல் ஒரு பகா எண்

“இது பகா எண். எந்தக் கொம்பனாலயும் இதை வகுக்க முடியாது. இது இங்க இருக்கிற வரைக்கும் என் நெலமும் வகுபடாது.”

வாசல் நிலைக்கு மேலே பதித்திருந்த கிரானைட் பலகையைக் காட்டி அய்யாக்கண்ணு சொன்னார். திருக்கோகர்ணத்துப் புது வீட்டுக்கு எண் கணித ஜோசியர் பார்த்துக் கொடுத்த எண், 221817399 என்று பொன்னிறத்தில் மின்னியது.

இளைய மருமகள் இளமதி அசரவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். வல்லத்திராக்கோட்டையில் மாமனார் வாங்கிப்போட்ட நிலத்தில் பாதியைத் தன் கணவனுக்கு எழுதி வாங்காமல் இன்று இலையில் உட்காருவதில்லை என்ற முடிவோடு வந்திருந்தாள்.

“மூத்தவரு குடும்பம் அனுபவிக்கும், நாங்க வேடிக்கை பாக்கணுமா மாமா?”

“வெயில்ல காயிறதுக்குப் பேரு அனுபவிக்கிறதா? நீ ஒரு நாளாச்சும் அங்கிட்டு எட்டிப் பாத்திருப்பியா?” என்றாள் மூத்த மருமகள் செவந்தி. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு செல்போனுக்குள் தலையை விட்டிருந்தார்கள்.

“அண்ணி, அப்பாக்கிட்ட கொஞ்சம் மெதுவாப் பேசுங்க” என்று இளமதியிடம் சொன்னாள் நாத்தனார் ரம்யா.

“கட்டிக் குடுத்த பொண்ணுக்கு இங்க என்ன பேச்சு? வந்தமா, சாப்பிட்டமான்னு ஆவுடையார்கோவில் பஸ்ஸைப் பிடி” என்றாள் இளமதி.

ரம்யா முகம் சிவந்து கதவோரம் ஒதுங்கினாள். இளமதி மறுபடி மாமனாரிடம் திரும்பினாள். “சரி மாமா. அந்த எண்ணு வகுபட்டுட்டா?”

“வகுபட்டா, அது எப்படி வகுபடுதோ அப்படியே நெலத்தையும் வகுத்துடுறேன். அரைக்காசம்மன் மேல சத்தியம்.”

“இன்னொரு தடவை சொல்லுங்க. எல்லார் காதுலயும் விழட்டும்.”

சொன்னார். இளமதிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

“உங்க ஜோசியருக்குச் சுக்கிரனைத் தெரிஞ்ச அளவுக்கு ஆறாங்கிளாஸ் கணக்குத் தெரியல. இலக்கத்தையெல்லாம் கூட்டுங்க, நாப்பத்திரெண்டு. நாலும் ரெண்டும் ஆறு, சுக்கிரனோட எண்ணு. அதுல மயங்கி எழுதிட்டாரு. கூட்டி ஆறு வந்தாலே அது மூணால வகுபடும், மாமா.”

அய்யாக்கண்ணு போனை எடுத்துத் தாமே அழுத்திப் பார்த்தார். மிச்சமில்லாமல் வகுபட்டது. ஜோசியரை நாலு வார்த்தை வாய்க்குள் திட்டிவிட்டு, “ரெண்டால வகுபடாதா?” என்றார்.

“ஒத்தைப்படை எண்ணு எப்படி ரெண்டால வகுபடும்? மூணால வகுத்தா 73939133. அதுதான் அசல் பகா எண். பின்னாலருந்து ஒவ்வொரு இலக்கமா வெட்டிக்கிட்டே வாங்க, ஏழு மட்டும் நிக்கிற வரைக்கும் மிச்சமும் பகா எண்ணாத்தான் நிக்கும். அதை இனி யாரும் அசைக்க முடியாது.”

“அப்ப மூணை விட்டா வேற வழியில்லைங்கிற.”

“இல்லவே இல்லை. வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

ஜெயித்துவிட்ட இளமதி, இலை போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள்.

அய்யாக்கண்ணு சத்தியம் தவறாத மனிதர். கதவோரம் நின்ற ரம்யாவைக் கைகாட்டி அழைத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“எனக்குப் புள்ளைங்களும் மூணுதானேம்மா.”