ஏழு மணி ட்றாமில் சிவப்புத் தொப்பி

"பிளோறன்ஸ், முதல்லை இரும். நிண்டுகொண்டு கேட்கிற விசயமில்லை இது."

கொறற்றி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஜேர்மனியின் ஹாலே நகரத்தில் இருந்ததே நாலு தமிழ்க் குடும்பம். அந்த நாலு வீட்டுக்கும் செய்தி கொண்டுபோகிற வேலையை, ஒருவரும் கேட்காமலே அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பிளோறன்ஸ் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து இருந்தாள்.

"உம்மடை மனுசன் ஏன் இப்ப எங்கடை இவரோடை காரிலை வாறேல்லை?"

ஜோன்சனுக்கும் கொறற்றியின் கணவன் யூட்டுக்கும் ஒரே பேக்கரியில்தான் வேலை. கிறிஸ்மஸ்வரைக்கும் ஒரே காரில்தான் வீட்டுக்கு வந்தார்கள்.

"கார்ப் புகை கூடாதாம், அக்கா. ட்றாம்தான் சுற்றாடலுக்கு நல்லதாம்."

"சுற்றாடல்! நேற்று அந்தச் சுற்றாடலை என்ரை ரெண்டு கண்ணாலையும் பார்த்தன். சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, ட்றாமிலை உம்மடை மனுசனோடை ஒட்டிக்கொண்டு இருக்குது!"

பிளோறன்ஸ் அடுப்பை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். கொறற்றிக்கு அது போதாமல் இருந்தது.

"சந்தைக்குப் பின்னாலை, யன்னலெல்லாம் பலகை அடிச்சு ஒரு பாழடைஞ்ச வீடு கிடக்கெல்லே? அதுக்குள்ளையிருந்து ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கொண்டு வந்து ஏறினவை. நாங்கள் காரிலை பின்னாலை நிண்டனாங்கள். முகம் தெரியேல்லை. ஆனால் வெள்ளைக்காரிதான்."

"தொப்பி காதை மூடி இருந்ததோ, அக்கா?"

"என்ன?"

"காதுக்கு மேலை இழுத்து விட்டிருந்தவவோ எண்டு கேட்டன். அது நான் பின்னின தொப்பி. சிவப்பு தனக்குச் சரிவராது எண்டு ஒரு கிழமையாப் போடாமல் வச்சிருந்தவ."

கொறற்றி இப்போதுதான் கோட்டைக் கழற்றினாள்.

"எழுபத்தெட்டு வயசு. கெஸ்லர் அம்மா எண்டு பேர். ட்றாம் தரிப்பிலை இவரோடை கதைச்சுப் பழக்கம். பேர்லின் சுவர் விழுந்தாப் பிறகு அந்த வீடு ஆருக்குச் சொந்தமெண்டே தெரியாதாம், திருத்த ஆளில்லை. அங்கை குடியிருந்த மற்ற எல்லாரும் போயிட்டினம், இவ மட்டும்தான் மிச்சம். புகைபோக்கி வெடிச்சுப்போச்செண்டு குளிர்காயிற அடுப்பும் மூட்ட விடுகினமில்லை. வேறை வீடு பங்குனியிலைதானாம். பகலிலை நூலகத்துக்கை இருந்திடுவா. அதைப் பூட்டினாப் பிறகுதான் கஷ்டம்."

"இஞ்சை கூட்டிக்கொண்டு வரலாமே?"

"கேட்டனாங்கள். ஒருத்தற்றை தயவிலையும் இருக்கமாட்டன் எண்டு கதவைச் சாத்திப்போட்டா. சரியான ரோசக்காரி. அதுக்குப் பிறகு இவர் போய் வேறை கதை சொன்னார். மொட்டைத்தலைப் பொடியள் ட்றாமிலை எங்கடை ஆக்களைக் கண்டால் அடிக்கிறாங்கள், தனியப் போக எனக்குப் பயமாக் கிடக்கு எண்டு."

"பிறகு?"

"உடனை கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்திட்டாவாம். 'நான் இருக்கிறன், ஆர் தொடுறாங்கள் எண்டு பாப்பம்' எண்டு. இவற்றை மாதச் சீட்டிலை ஏழு மணிக்குப் பிறகு இன்னொராளும் சும்மா போகலாம். ட்றாமுக்குள்ளை நல்ல சூடு. உடம்பு சூடேறினாப் பிறகு கொண்டுபோய் விட்டால் போர்வைக்கை படுத்திடுவா. தான்தான் இவரைக் காப்பாற்றுறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா, பாவம்."

கதவு திறந்தது. மூக்குச் சிவக்க ஜோன்சன் உள்ளே வந்தான்.

"இண்டைக்கு எவ்வளவு நேரம் பயந்தனீங்கள்?" என்று கேட்டாள் பிளோறன்ஸ்.

"சரியான குளிரப்பா. கடைசித் தரிப்புமட்டும் ரெண்டு தரம் போய்வந்து பயந்தன்." அதன் பிறகுதான் கொறற்றியைக் கண்டான். "வாங்கோ அக்கா."

சிரித்துக்கொண்டு சப்பாத்தைக் கழற்றியவனின் முகம் வாடியது.

"நாளைக்குத்தான் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அகதி வழக்கு விசாரணைக்கு பேர்லினிலை ரெர்மின், நாள் குறிச்சிட்டாங்கள். இரவு வந்து சேர ஏலாது. பிள்ளையைத் தனிய விட்டிட்டு இவளும் போகேலாது. நான் இல்லாட்டி அவ அந்த ஐஸ் வீட்டுக்கைதான் குந்திக்கொண்டு இருப்பா."

கொறற்றிக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு கோட்டை எடுத்து மாட்டினாள்.

"நாளைக்கு எங்கடை இவரை அனுப்புறன். கார் ஒரு நாளைக்கு வீட்டிலை நிக்கட்டும்."

"யூட் அண்ணையையோ?" ஜோன்சன் தலையைச் சொறிந்தான். "ஆறடி ஆள். அவர் ஒருத்தருக்கும் பயப்பிடமாட்டாரே, அக்கா?"

"நான் சொன்னால் பயப்பிடுவார்."