ரோரியின் வால்

மீன் மாட்டியதும் டர்லோ முதலில் வேண்டிக்கொண்டது, அது எப்படியாவது அறுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான்.

வாழ்நாளில் அவன் அப்படி வேண்டிக்கொண்டதே இல்லை.

மாட்டியிருந்தது சால்மன். அதுவும் சின்னது இல்லை. டொனகல் மலையிலிருந்து பால் ஊற்றாத டீ நிறத்தில் இறங்கிவரும் அந்த ஆற்றில் அது ஒருமுறை மேலே புரண்டது. இவ்வளவு பெரிய மீனை அவன் அடுத்தவர்களின் தூண்டிலில்தான் பார்த்திருக்கிறான்.

ஆனால் கரையில் அசம்ப்டா டீச்சர் நின்றிருந்தார். பக்கத்தில் ரோரி.

ரோரி டீச்சரின் செட்டர் நாய். உடம்பெல்லாம் செம்பட்டை முடி. ஊரிலேயே அழகான நாய் என்று போன மாதம்வரை பெயர் வாங்கியிருந்தது. இப்போது அதன் வால், எலி கடித்த துடைப்பம் மாதிரி இருந்தது. யாரோ முடியை வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

அந்த யாரோ, டர்லோதான்.

கடலை விட்டு ஆற்றுக்குள் ஏறிய சால்மன் எதையும் தின்னாது. அதைச் சீண்டித்தான் வாயைத் திறக்க வைக்க வேண்டும். தூண்டில் முள்ளில் இறகும் முடியும் சுற்றி இறால் மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டால், சில நேரம் ஆத்திரத்தில் கவ்வும். கடையில் விற்கிற சாயமுடியை இந்த ஆற்று மீன்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோரியின் வால்முடியோ, தண்ணீருக்குள் உயிருள்ளது போலவே துடித்தது.

டர்லோவுக்கு ஊரில் முடிவெட்டும் கடை. நாய்க்கு அவன்மேல் பிரியம். வாலின் உட்பக்கமாக ஒரே ஒரு சிட்டிகைதான் எடுத்தான். எடுத்த இடமே தெரியாது.

அதற்குப் பிறகு வால் எப்படி இந்தக் கதிக்கு ஆளானது என்பது அவனுக்குப் புரியவில்லை. அரிப்பெடுத்து நாயே கடித்துக் குதறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தான்.

டீச்சர் அவன் கடைக்கே வந்து, தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: கத்தரி பிடிக்கத் தெரியாத எவனோதான் இதைச் செய்திருக்கிறான்.

திருடன் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான்.

பாலத்திலிருந்து பழைய ஆலைவரை அந்தக் கரை டீச்சருடையது. தன்னிடம் படித்தவன் என்பதால் அவனைச் சும்மா மீன்பிடிக்க விட்டிருந்தார். ஒரே நிபந்தனை, இறால் கட்டக்கூடாது. மீன்பிடிச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "அது தூண்டில் இல்ல, சர்க்கஸ்" என்று சொன்னவர் அவர். கறுப்பு நூல் சுற்றி ஈ மாதிரிக் கட்டிய சின்ன முள் ஒன்றை வைத்தே ஊரில் யாரையும்விட அதிக சால்மன் பிடிப்பதாக அவருக்குப் பெயர்.

மீன் மேலே வந்தால் அதன் வாயில் இருப்பதும் மேலே வரும்.

டர்லோ கோலைத் தாழ்த்தி தூண்டில் நரம்பைத் தளர விட்டான். மீன் போகவில்லை. அவன் பக்கமே நீந்தி வந்தது. விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி, தண்ணீரில் நின்ற அவன் முழங்காலைச் சுற்றிக்கொண்டு நின்றது.

"கோலை நிமித்துடா! வகுப்புலயும் இப்படித்தான் தூங்கி வழிஞ்சே!"

"நான் பாத்துக்கறேன் டீச்சர், நீங்க இறங்காதீங்க!"

டீச்சர் அதற்குள் பாவாடையோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். ஒரே வீச்சில் கைவலையில் மீனை வாரினார். குனிந்து அதன் தாடையிலிருந்து முள்ளைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

பிறகு ரோரியைப் பார்த்தார்.

ரோரி மிச்சமிருந்த வாலை ஆட்டியது.

டர்லோ கணக்குப் போட்டான். கரை போச்சு. கடையும் போச்சு. நாயைச் சிரைத்தவனிடம் இனி யார் தலையைக் கொடுப்பார்கள்?

டீச்சர் கோட்டின் உள்பைக்குள் கையை விட்டு, இருமல் மிட்டாய் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தார்.

உள்ளே வரிசையாக இறால்கள். எல்லாம் அதே செம்பட்டை.

"இது வெளிய தெரிஞ்சுது, தோலை உரிச்சிடுவேன்."

டர்லோ அதைக் காதில் வாங்கவே இல்லை. டப்பாவுக்குள் குனிந்து முடிகளின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஆடு மேய்ந்த மாதிரி. இத்தனை நாள் அவன் உறக்கத்தைக் கெடுத்த வெட்டு அது.

"எதால வெட்டுனீங்க டீச்சர்?"

"சமையல்கட்டுக் கத்தரி. ஏன்?"

அவன் கண்ணை மூடித் திறந்தான். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இனிமே நீங்க அது வால்மேல கை வைக்காதீங்க. நானே வந்து வெட்டித் தர்றேன். ரெண்டு பேருக்கும்."

டீச்சர் கொஞ்சம் யோசித்து, சரி என்று தலையாட்டினார். சாய்ந்திருந்த வலையிலிருந்து சால்மன் எப்போதோ நழுவிப் போயிருந்தது. இருவருமே கவனிக்கவில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் கரைப்பக்கம் திரும்பினார்கள்.

ரோரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு வாலை அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது.