மாப்பிள்ளை ஆசைப்பட்ட கார்டு

"தம்பி, எங்க பவர் டில்லர் பதினாலு வருஷமா ஓடுது. எம்பதாயிரம் சொல்றீங்களே, இது எத்தனை வருஷம் ஓடும்?"

தஞ்சாவூர் கம்ப்யூட்டர் கடையில் கண்ணுசாமி இப்படிக் கேட்டதும் கடைக்காரர் மீரா உசேன் தலையைச் சொறிந்தார். மேசைமேல் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் இருந்தன. கம்ப்யூட்டரில் கேம் விளையாடுகிறவர்களுக்கு இது இல்லையென்றால் கை ஒடிந்த மாதிரியாம்.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை பகலவனுக்குச் செயின் போடத்தான் குறுவை நெல் விற்ற பணத்தைக் கண்ணுசாமி எடுத்து வைத்திருந்தார். "அவருக்குச் செயின் வேணாமாம்ப்பா, கார்டுதான் வேணுமாம். ரொம்பக் கூச்சப்படுவாரு, நீங்க ஒண்ணும் கேட்டுக்காதீங்க" என்று மகள் மதிவதனி சொல்லிவிட்டாள்.

எந்த மாப்பிள்ளைதான் மாமனாரிடம் வாய் திறந்து கேட்பார்? மகள் கேட்டால் அரை நாள் யோசிக்கிறவர், மாப்பிள்ளை என்றதும் அவளையும் கூட்டிக்கொண்டு பாபநாசத்தில் பஸ் ஏறிவிட்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. "தங்கம்னா வருஷா வருஷம் ஏறும். இது?"

"இறங்கும்ங்க" என்றார் மீரா உசேன், பொய் சொல்லத் தெரியாதவர். "மூணு வருஷம் வாரண்டி. அப்புறம் வித்தா பாதி விலை வரலாம்."

கண்ணுசாமி பெரிய கார்டைத் தள்ளி வைத்தார். பக்கத்திலிருந்த சின்ன கார்டைத் தொட்டார். "இந்த அம்பத்தஞ்சாயிரமே போதாதா?"

"போதாதுப்பா" என்று மதிவதனி முந்திக்கொண்டாள். "அதுல மெமரி பன்னெண்டு ஜிபிதான். ரெண்டு வருஷத்துல புது கேமெல்லாம் திணறும், மறுபடி வாங்கணும். இது பதினாறு, அஞ்சு வருஷம் அசையாது. வருஷத்துக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க, இதுதான் லாபம்."

"அக்கா சொல்றது கரெக்டுங்க" என்றார் மீரா உசேன்.

கண்ணுசாமிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. புருஷன் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் மனப்பாடம் பண்ணி வந்து ஒப்பிக்கிறாளே! இப்படி ஒரு பெண்ணைப் பெற்றதற்கே கூட இருபத்தைந்தாயிரம் கொடுக்கலாம். பெரிய கார்டையே வாங்கினார்.

தீபாவளி காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் புது வேட்டியில் வந்து உட்கார்ந்த மாப்பிள்ளையிடம் தாம்பாளத்தை நீட்டினார். வெற்றிலை, பாக்கு, பழத்துக்கு நடுவே பெட்டி இருந்தது.

"நீங்க ஆசைப்பட்டதுதான் மாப்பிள்ளை, பிரிச்சுப் பாருங்க."

பகலவன் பிரித்தார். உள்ளே இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் வரிசையாக மூன்று குட்டி ஃபேன்கள் இருந்தன.

"ரொம்ப சந்தோஷம் மாமா" என்றவர், தயங்கித் தயங்கிக் கேட்டார். "இது... டேபிள் ஃபேனுங்களா?"

கண்ணுசாமி திகைத்துப்போய் மகளைப் பார்த்தார். அவளோ, "ஐயோ, அதுல கை வைக்காதீங்க!" என்று பாய்ந்து கார்டைப் பிடுங்கி, பச்சைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள்.

"எனக்குன்னு கேட்டா வாங்கித் தந்திருப்பீங்களாப்பா?"